பெரிய சிஸ்டரின் பதில்

ஆபரேஷன் தியேட்டரில் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டிக்குள் அடுக்கிக் கிருமி நீக்கித் தருவதுதான் அவள் வேலை. அதனால் அங்கிருந்த நர்ஸுகள் அவளுக்கு ஆவியக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு முதலில் மிரள்வார்கள், ஆளைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். டாக்டர் தன் மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி அந்தச் சின்ன ஆஸ்பத்திரியை மூடியபோது வேலை போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் கணவன்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

அவளுக்கு முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருந்த பல் ஆஸ்பத்திரி. கருவிகளைச் சுத்தம் செய்ய வேண்டும், வரவேற்பில் ஆள் வராத நாளில் நோயாளிகளுக்குச் சீட்டும் போட வேண்டும், ராத்திரி கடைசி நோயாளி போனபிறகு தரையும் துடைக்க வேண்டும். அங்கே மேஜைமேல் சோறு வடிக்கிற குக்கர் அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. அதுதான் அவர்களுடைய ஆட்டோகிளேவ், கிருமி நீக்குகிற நீராவிப் பெட்டி. மேனேஜர் சின்னப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்கக்கா" என்றாள்.

இன்னொன்று பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தலைமை நர்ஸைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். நேர்காணல் முடிந்ததும் அந்த அம்மா தானே அவளைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அலமாரி உயரத்துக்கு இரண்டு ஆட்டோகிளேவ்கள், நீளமான கழுவுதொட்டி, வெளுத்த துணிகளின் அடுக்கு. ஓரத்தில் ஒரு முக்காலியைக் காலால் நகர்த்தி, "இதுல உக்காந்திருந்தவங்க ரிட்டயர் ஆயிட்டாங்க. மேல ஒரு வார்த்தை பேசிட்டு திங்கட்கிழமை நானே கூப்பிடறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் ஆவியக்கா வீட்டுக்கு வருவதற்குள் அந்த முக்காலியில் பத்து வருஷம் உட்கார்ந்து எழுந்திருந்தாள்.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. செல்போனைக் குளியலறைக்குள்ளும் எடுத்துக்கொண்டு போனாள். பெரிய சிஸ்டரின் நம்பரை அழைத்துப் பார்த்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"பல்லுக்கே சரின்னு சொல்லேன். இதுவாவது கையில இருக்கும்" என்றான் கணவன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், எதையும் நேரத்துக்கு முடித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

"சொல்லிட்டேன்னு வை, மறுநாளே அவங்க கூப்பிட்டா?"

"அப்ப வேணாம்னு சொல்லு."

"சொல்லி, அவங்களும் கூப்பிடலைன்னா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டே, "ஆவி ரெண்டுங்கெட்டான் எடத்துலதான் அலையும்னு சும்மாவா சொல்றாங்க" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா மேல்தான் ஆத்திரமாக வந்தது. இல்லை என்றால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பொறுக்கமாட்டாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். பெரிய சிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்றதும் வரவேற்பில் இருந்த பெண் அவள் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை வீட்ல விழுந்துட்டாங்க. பக்கவாதம். மூணாவது மாடியில இருக்காங்க."

கால்கள் அவளைக் கேட்காமலே படியேறின. மனசுக்குள் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

கட்டிலில் கிடந்தது வேறு யாரோ மாதிரி இருந்தது. வலது கை தலையணைமேல் எடுத்து வைத்த பொருளாக இருந்தது. வாயோரம் இறங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த மகள் எழுந்து, "அம்மாகூட வேலை பாத்தவங்களா?" என்று கேட்டாள். ஆவியக்கா தலையை ஆட்டினாள். ஆமென்றுதான் அந்த ஆட்டலை மகள் எடுத்துக்கொண்டாள்.

பெரிய சிஸ்டர் அவளைப் பார்த்ததும் கண்ணைப் பெரிதாகத் திறந்தாள். இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உதடு துடித்தது.

"நாளைக்கு" என்றாள் தெளிவாக.

ஆவியக்கா கட்டிலருகே குனிந்தாள். "நாளைக்கா சிஸ்டர்? நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கு. நாளைக்கு" என்று தலையை வேகமாக ஆட்டினாள். அது ஆமென்கிற ஆட்டலா, இல்லையென்கிற ஆட்டலா என்று சொல்ல முடியவில்லை.

மகள் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. இந்த ஒரு வார்த்தைதான் வருது. தண்ணி வேணும்னாலும் நாளைக்கு, வலிக்குதுன்னாலும் நாளைக்கு. நாம பேசுறது புரியுதாம். அவங்க நினைக்கிறதுதான் வெளிய வரமாட்டேங்குது." பிறகு மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் பாத்துக்கறீங்களா, கீழ போயிட்டு வந்துடறேன்" என்று போனாள்.

அறையில் இருவர் மட்டும். பெரிய சிஸ்டர் பிடியை விடவில்லை. அவளைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதும் மறுபடி அவளைப் பார்ப்பதுமாக இருந்தாள். இவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று உள்ளே கிடந்து முட்டுகிறது, அது மட்டும் நிச்சயம். உனக்குத்தான் வேலை என்பதா, மேலே ஒத்துக்கொள்ளவில்லை என்பதா, மன்னித்துக்கொள் என்பதா?

"பரவால்ல சிஸ்டர். மெதுவா" என்றாள்.

அப்போது பையில் செல்போன் அடித்தது. மத்தியானம் ஆகிவிட்டது. பல் ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும். பை தோளில் இருந்தது, அந்தத் தோளின் கைதான் பிடிபட்டிருந்தது; பை முதுகுப்பக்கம் தொங்கியதால் இன்னொரு கைக்கு எட்டவில்லை. உதறினால் விடுபட்டுவிடும், நோயாளியின் பிடிதானே. அவள் மெல்ல இழுத்துப் பார்த்தாள். பெரிய சிஸ்டரின் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக வழிந்தது. ஆவியக்கா இழுப்பதை நிறுத்தினாள். செல்போன் அடித்து ஓய்ந்தது, இன்னொரு முறை அடித்து ஓய்ந்தது.

மகள் வந்ததும் தாழ்வாரத்துக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டாள். மேனேஜர் பெண் வருத்தமாகத்தான் சொன்னாள். "நீங்க எடுக்கலியேக்கா. இன்னொருத்தங்க எதிர்லயே உக்காந்திருந்தாங்க, அவங்களுக்குக் குடுத்துட்டேன். உங்க நம்பர் எங்கிட்ட இருக்கு."

கீழே அலுவலகத்தில் விசாரித்தாள். பெரிய சிஸ்டர் யார் பெயரையும் மேலே சொன்னதாகத் தெரியவில்லை, பொறுப்புக்கு வேறு ஆள் வந்து எல்லாரையும் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள் என்றார்கள். எப்போது என்றதற்கு அந்த மனிதர் உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டில் சொன்னபோது கணவன் ஒன்றும் கேலி செய்யவில்லை. "நானா இருந்தாலும் கையை உருவியிருக்க மாட்டேன்" என்றான். அதைக் கேட்டபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் பெரிய சிஸ்டரின் மகள், அன்றைக்கு வாங்கி வைத்திருந்த நம்பரில் கூப்பிட்டாள். தான் வேலைக்குத் திரும்ப வேண்டுமாம். பகலில் அம்மாவோடு இருக்க ஆள் வேண்டும், சம்பளம் தருகிறோம், அம்மா வேறு யாரையும் பக்கத்தில் விடமாட்டேன் என்கிறார்கள் என்றாள். ஆவியக்கா அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். "நான் அவங்களோட வேலை பாக்கலம்மா. வேலை கேட்டு வந்தவ." "அப்படின்னாலும் வாங்கக்கா" என்றாள் மகள்.

வேறு போக்கிடம் இல்லை. போனாள். துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பழச்சாற்றை ஸ்பூனால் ஊட்டுவது.

ஒருநாள் கீழே அலுவலகத்திலிருந்தே கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிப்போய் நேர்காணலில் உட்கார்ந்தாள். புதிய தலைமை நர்ஸ் கெடுபிடியான ஆள். எல்லாம் கேட்டுவிட்டு, "இங்க உங்க வேலையைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"பெரிய சிஸ்டருக்குத் தெரியும்."

புதிய நர்ஸ் பேனாவை மூடினாள். "அவங்க இப்ப எதையும் சொல்ற நிலைமையில இல்லையே. சரி, கூப்பிடறோம்."

மேலே போனபோது பெரிய சிஸ்டர் விழித்திருந்தாள். எங்கே போய் வந்தாய் என்று கண் கேட்டது.

"கீழ கூப்பிட்டிருந்தாங்க சிஸ்டர். அந்த வேலைக்குத்தான். சொல்றோம்னாங்க."

பெரிய சிஸ்டரின் முகம் சிவந்தது. தானே கீழே இறங்கிப்போய்ச் சொல்லப்போகிறவள் மாதிரி நல்ல கையை ஊன்றி எழுந்துவிடப் பார்த்தாள். தோள் ஒரு சாண் எழும்பியது, திரும்பத் தலையணையில் விழுந்தது. மூச்சு வாங்கியது. ஆவியக்கா அவள் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்து, தலையை நேராக்கி, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, ஸ்பூனை எடுத்தாள்.