வயர்லெஸ் பெட்டிக்கு ஓர் இடம்

“பேசாம கூரையப் பிரிச்சிடலாம் அண்ணி,” என்றான் கன்னியப்பன். கண்ணீர் இறங்கி மீசையில் தேங்கி நின்றது. புதுப் படகு அவனுடையது. நாளைக் காலையில் கடலில் இறங்க வேண்டியது. அதன் கேபின் கூரையைத்தான் பிரிக்கலாம் என்கிறான்.

“வாய மூடுடா,” என்றாள் குஞ்சம்மாள்.

வைத்திக்குப்பம் மணலில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த அந்தப் படகின் கேபினுக்குள் அவள் கணவர் ஆதிமூலம் இறந்து கிடந்தார். சோறு கொண்டுவந்தவள், ஆள் தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு வசவு வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார். உடம்புச் சூடு கூட இன்னும் ஆறவில்லை. முகத்தில் மட்டும் எதையோ ஜெயித்துவிட்ட சிரிப்பு.

ஜெயித்தது உண்மைதான். முத்தியால்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் வந்து வாய்த்த சவால் இது. கன்னியப்பனின் மச்சான் பிரான்சிலிருந்து கொண்டுவந்த, மீன் கூட்டத்தைக் காட்டும் பெட்டி. குப்பத்தில் அதற்குப் பெயர் கம்ப்யூட்டர். அப்புறம் ஒரு வயர்லெஸ், இரண்டு பேட்டரி. இத்தனையையும், ஒரு ஆள் கால் நீட்டினால் சுவர் இடிக்கிற கேபினுக்குள் வைத்தாக வேண்டும். மேலே வைத்தால் அலை தெறிக்கும், கீழே வைத்தால் டீசல் ஏறும், கண்ணாடிப் பக்கம் வைத்தால் கடலே தெரியாது. மாரியம்மன் படத்தை நகர்த்தக் கன்னியப்பன் ஒப்பவில்லை. ஒரு வாரமாக மனிதர் சோற்றைப் பிசைந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை வாயெல்லாம் பற்பொடி நுரையோடு, “கெடச்சிடுச்சி குஞ்சு!” என்று கத்தினார். கேபின் வாசலின் இரண்டு பக்கமும்! வாசல் பாதியாகப் போய்விடாதா என்று அவள் கேட்டாள். “ஒருக்களிச்சுப் பூந்து வந்தா போச்சு. நான் வரலாம்னா எவனும் வரலாம்,” என்றார்.

பெட்டிகளை மாட்டி முடித்து, உயிரோடு இருந்தவரை அவர் பூந்து வந்தார். நீட்டிக் கிடத்திய உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? தலைப்பக்கமாக இழுத்தார்கள், கால்பக்கமாக இழுத்தார்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

“பெட்டியக் கழட்டிட்டா சுளுவா வந்துடுவாரு,” என்று ஸ்பானரை எடுத்தான் படகில் வேலை செய்கிற பக்கிரி.

“அப்பறம் யார்ரா மாட்டுவா, உங்கப்பனா? ஒரு ஆணிய அசச்சீங்க, நான் படக வுட்டு எறங்க மாட்டேன்.”

குஞ்சம்மாள் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில், கல்யாணத்தன்று கூட, காலையில் பார்த்த அந்தச் சந்தோஷத்தை அவள் அவர் முகத்தில் பார்த்ததில்லை. அதைச் செத்த அன்றைக்கே கழற்றிப் போட மனம் வரவில்லை.

“இன்னாத்துக்குடா படுக்க வெச்சு இழுக்கறீங்க?” என்றாள் திடீரென்று. “பேரப்புள்ள எடுத்த மனுசன், கல்யாணச் சாவு. எப்படியும் நாற்காலில உக்கார வெச்சுத்தான கொண்டும்போவப் போறோம்? இங்கயே உக்கார வைங்க.”

உட்கார வைத்தார்கள். குஞ்சம்மாள் வாசலில் நின்று அவர் உடம்பை வழிநடத்தினாள்.

“மொதல்ல எடது தோளு. தலையக் குனிய வை, அவரு குனிஞ்சுதான் வருவாரு. இப்ப இடுப்பத் திருப்பு. அவசரப்படாத. வலது காலு கடைசி.”

அப்படியே வந்தார். கடைசியில் வேட்டி மட்டும் வயர்லெஸ் பெட்டியின் குமிழ் ஒன்றில் மாட்டிக்கொண்டது.

“பாரேன், செத்தும் வுட மாட்டேங்கறாரு!” என்று அதை விடுவித்தாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னியப்பன் அழுதுகொண்டே சிரித்தான். பெட்டியில் ஒரு கீறல் இல்லை.

மணலில் டீக்கடை நாற்காலி வந்தது. யாரோ ரோஜா மாலை கொண்டுவந்து போட்டார்கள். மேளக்காரர்கள் வந்து அடிக்க, பக்கிரி வேட்டியை மடித்துக் கட்டி ஆட ஆரம்பித்தான். குப்பத்துப் பெண்கள் ஒப்பாரியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். குஞ்சம்மாள் படகிலேயே நின்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ கரகரத்தது.

“அண்ணே... ஆதிமூலண்ணே... அரிகிருஷ்ணன் பேசறேன். கேக்குதா?”

வேட்டி இழுத்த இழுப்பில் குமிழ் திரும்பியிருக்கிறது. அரிகிருஷ்ணன், கன்னியப்பனின் தம்பி. விடியற்காலையில் இன்னொரு படகில் கடலுக்குப் போனவன். மத்தியானம் கூப்பிட்டுச் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. கன்னியப்பன் ஏணியில் பாதி ஏறி வந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

“அண்ணே, எடம் கெடச்சுதாண்ணே?”

குஞ்சம்மாள் கையை நீட்டி மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

“கெடச்சிடுச்சி தம்பி. நல்லாக் கேக்குது.”

“அண்ணியா! மேளச்சத்தம் கேக்குதே, இன்னா விசேசம்?”

அவள் கீழே பார்த்தாள். மாலையோடு, தலை ஒரு பக்கம் சாய்ந்து, கூட்டத்தின் நடுவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“உங்கண்ணன மாலை போட்டு உக்கார வெச்சிருக்கு. நீ வலைய வாரிக்கினு நிதானமா வா.”

மைக்கை அதற்கென்று அவர் அடித்திருந்த கொக்கியில் மாட்டினாள். ஆடாமல் நின்றது.