வகியோவின் மாடுகளும் மூன்றாம் நிலையும்

செலாகெனி எரிமலையின் கண்காணிப்பு நிலையத்தில் பூர்வந்திக்கு இது பதினான்காவது வருடம். இத்தனை வருடத்தில் மலை ஒரு நாளும் அவளுக்கு எரிச்சல் மூட்டியதில்லை. மனிதர்கள்தான் மூட்டினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, உருளையில் சுற்றியிருந்த தாளில் ஊசி கிழித்திருந்த அதிர்வுகளை எண்ணி முடித்தாள். ஆறு மணி நேரத்தில் நாற்பத்தொன்று. போன வாரம் நாள் முழுக்கச் சேர்த்தாலே ஐந்தாறுதான் வரும். மலை இரண்டாம் நிலை எச்சரிக்கையில் இருந்தது. மூன்றாம் நிலைக்கு உயர்த்தினால்தான் அடிவாரத்துக் கெமுக்சரி ஊரைக் காலி செய்ய முடியும். உயர்த்துகிற அதிகாரம் அவளிடம் இல்லை. நகரத்திலிருந்த தலைமையகத்தை நான்காவது தடவையாகத் தொலைபேசியில் பிடித்தாள்.

"ஒரே ஒரு கருவியிலதானம்மா பதிவாகுது," என்றான் அங்கே பொறுப்பிலிருந்த ரிஃப்கி. "மத்த ரெண்டுலயும் ஒண்ணையும் காணோமே?"

"மத்த ரெண்டும் செத்து எட்டு மாசம் ஆச்சு தம்பி. ஒண்ணுல இடி விழுந்துச்சு. இன்னொண்ணுல பேட்டரிய எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். மூணு கடிதம் எழுதியிருக்கேன். படிச்சீங்களா?"

"அது வேற பிரிவும்மா. நீங்க மேல போய் அந்தக் கருவிய ஒரு தடவ பாத்துட்டு வந்துடுங்களேன்."

பாதி தூரம் மோட்டார் சைக்கிள், மீதி தூரம் நடை. முட்டைக்கோஸ் வயல்கள் முடிகிற இடத்தில், கருவியைச் சுற்றிப் போட்டிருந்த கம்பி வேலியில் இரண்டு மாடுகள் கட்டியிருந்தன. அதில் ஒன்று வேலிக்கல்லில் முதுகைச் சாவகாசமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. பேட்டரிப் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, பக்கத்துக் குடிசைக்குள் போயிருந்தது. உள்ளே ரேடியோ பாடியது.

"வகியோ பாக்! என்ன இது?" என்றாள். பெரியவர்களை மரியாதையாக 'பாக்' என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

குடிசையிலிருந்து வகியோ எட்டிப் பார்த்தார். அந்த முட்டைக்கோஸ் வயலுக்குச் சொந்தக்காரர்; ஐம்பத்தைந்து வயது, பற்கள் பாதிதான் மிச்சம். "மாடும்மா."

"மாடுன்னு எனக்கும் தெரியுது. இங்க ஏன் கட்டினீங்க?"

"வேலி நல்லா உறுதியா இருக்குதும்மா. அரசாங்க வேலியாச்சே."

"இந்த ஒயரு?"

"அது சும்மா, பாட்டு கேக்க. கொஞ்சம் கரண்ட்டுதானம்மா எடுக்குது. மலைக்குக் கொறஞ்சா போயிடும்?"

பூர்வந்தி அவரை அரை மணி நேரம் திட்டினாள். திட்டிக்கொண்டே ஒயரைப் பிடுங்கினாள், மாடுகளை அவிழ்க்கச் சொன்னாள். வகியோ தலை குனிந்தபடி நின்றார். நடுவில் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

பிறகு அவள் ஒரு தப்பு செய்தாள். நேர்மையாக நடந்துகொள்வதாக நினைத்து, அவிழ்ப்பதற்கு முன் எடுத்திருந்த மாடுகளின் படத்தைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டாள். அது அங்கிருந்து மாவட்ட அலுவலகத்துக்குத் தாவி, சாயங்காலத்துக்குள் கெமுக்சரிக்கே வந்து சேர்ந்தது. சோயாவில் செய்த தெம்பே வறுவல் வாங்கக் கடைக்குப் போனவளைப் பார்த்து வாலிபப் பையன்கள் "ம்மா" என்று கத்தினார்கள். கடைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள், "நம்ம ஊரு நிலநடுக்கத்துக்கு நாலு காலாமே?"

மாடுகள் இறங்கிய பிறகு, புதன்கிழமை, ஊசி எழுபது தடவை துள்ளியது. மாடு உரசினால் கோடு மொத்தையாக, தாறுமாறாக இருக்கும். இது அப்படி இல்லை. சட்டென்று எகிறிப் படிப்படியாக அடங்கியது. மலைக்குள் பாறை உடைகிற அதிர்வு. பதினான்கு வருடம் பார்த்த கண்ணுக்கு அதில் சந்தேகமே வராது.

"இன்னும் ஒரு நாள் பாப்பமேம்மா," என்றான் ரிஃப்கி. "மேலதிகாரிங்ககிட்ட மறுபடியும் போய் நிக்கணும்ல. நேத்துதான் அந்தப் படத்தப் பாத்து சிரிச்சாங்க."

வியாழக்கிழமை காலை ஊர்த்தலைவர் தார்மோஜோ ஐந்தாறு பேரோடு நிலையத்துக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். பந்தல் போட்டாகிவிட்டது, அறுநூறு பேருக்குச் சாப்பாடு.

"மூணாம் நிலை கேட்டு நச்சரிக்கறீங்களாமே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?"

"நான் பொறுத்துக்குவேன் பாக். மலை பொறுக்குமா?"

"மலையா, வகியோ மாடா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் வாசலில் வகியோ வந்து நின்றார். இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு நாளாக ஊர் அடித்த கேலியில் அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. மாடுகளைக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு உள்ளே வந்து, உருளைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊசி கிர்ரென்று இழுத்தது. ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. மூன்றாவது தடவை மேசைமேல் இருந்த காப்பித் தம்ளரின் மூடியே லேசாகக் கிணுகிணுத்தது.

"என் மாடு ரெண்டும் இங்கதான் அசைபோட்டுக்கிட்டு நிக்குது," என்றார் வகியோ. "இப்ப மேல உதைக்கறது எவன் வீட்டு மாடு? சொல்லுங்கடா."

மாட்டைச் சொல்லிக் கேலி செய்தவன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

"இன்னொண்ணும் சொல்லணும். வயலுக்கு மேல ஊத்துத் தண்ணி நாலு நாளா சுடுது. கைய வெக்க முடியல."

பூர்வந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாலு நாளாவா? செவ்வாக்கெழம நான் அங்கதானே நின்னேன்! அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"எங்கம்மா சொல்ல விட்டீங்க? நீங்க பாட்டுக்குத் திட்டிக்கிட்டே இருந்தீங்க."

அவளுக்குக் காது மடல் சூடானது. தொலைபேசியை எடுத்து ரிஃப்கியிடம் ஊற்றைப் பற்றிச் சொன்னாள்; காலையிலிருந்து வந்த அதிர்வுகளைச் சொன்னாள். கடைசியில், "தம்பி, அந்தப் படத்த மறந்துடுங்க. இதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். தப்பாப் போனா என் வேலை போகட்டும்," என்றாள்.

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு மூன்றாம் நிலை அறிவிப்பு வந்தது.

கெமுக்சரி கீழே இருந்த பள்ளிக்கூடத்துக்கு இறங்கியது. முணுமுணுத்துக்கொண்டு, கோழிகளைத் தூக்கிக்கொண்டு, பாத்திரம் பண்டங்களை லாரியில் திணித்துக்கொண்டு. கல்யாணம் ஆறாம் வகுப்பறையில், கரும்பலகைக்கு முன்னால் நடந்தது. பூர்வந்தி பரிசு உறையோடு போனாள். தார்மோஜோ உறையை வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மலை சும்மா இருந்தது. ஞாயிறும் சும்மா இருந்தது. அதிர்வுகூடப் பாதியாகக் குறைந்தது. பள்ளிக்கூடத்தில் கழிவறைக்கு வரிசை நீண்டது, குழந்தைகளுக்குச் சளி பிடித்தது, எல்லாப் பழியும் பூர்வந்தியின் தலையில் வந்து விழுந்தது. ஆட்கள் மாட்டுக்குப் புல் போடுகிற சாக்கில் மேலே நழுவ ஆரம்பித்தார்கள். அவளும் வகியோவும் நிலையத்துக்கு எதிரே, ஊருக்கு ஏறுகிற பாதையில் மூங்கிலைக் குறுக்கே போட்டு மறித்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த மூங்கிலுக்கு முன்னால் ஏழு மோட்டார் சைக்கிள்கள்.

"ஒரு மணி நேரம் போயிட்டு வந்துடறோம்மா. ஆடு பட்டினியாக் கெடக்குது."

"முடியாது."

"வகியோ மட்டும் தன் மாட்ட முன்னாடியே இறக்கிட்டான். எங்களுக்குன்னா சட்டமா?"

"நான் ஊர் சிரிக்க இறக்கினேன்டா," என்றார் வகியோ. "நீங்களும் அப்பவே இறக்கியிருக்க வேண்டியதுதானே? வண்டியத் திருப்பு."

வாய்ச்சண்டை முற்றி ஒருவன் மூங்கிலைத் தூக்கியே விட்டான். அப்போது தரை ஒரு தடவை முன்னும் பின்னும் ஆடியது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உச்சியிலிருந்து சாம்பல் நிறத் தூண் ஒன்று சத்தமே இல்லாமல் எழுந்தது. சத்தம் பிறகுதான் வந்து நெஞ்சில் அறைந்தது. தூணின் அடிப்பாகம் சரிந்து, முட்டைக்கோஸ் சரிவு வழியாகப் புரண்டு இறங்கியது. நான்கே நிமிடத்தில் வயல் இல்லை, வகியோவின் குடிசை இல்லை, கருவியும் வேலியும் இல்லை. ஊரின் தலைமாட்டுக்கு வந்துதான் அது நின்றது. மூங்கிலைத் தூக்கியவன் கையிலேயே பிடித்தபடி நின்றான், கீழே வைக்கத் தோன்றாமல்.

பூர்வந்தி அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "கீழ போ! எல்லாரும் கீழ போங்க!"

சாம்பல் மழை மத்தியானம் வரை பெய்தது. தார்மோஜோ வீட்டுக் கூரை பாரம் தாங்காமல் கல்யாணப் பந்தலோடு சேர்த்து உட்கார்ந்துவிட்டது என்று ராணுவத்தார் வந்து சொன்னார்கள். ஊரில் ஒருவர்கூட இல்லை என்பதையும் அவர்கள்தான் உறுதிப்படுத்தினார்கள்.

சாயங்காலம் பூர்வந்தி பள்ளிக்கூடத்துக்குப் போனபோது தலைமுடியிலும் புருவத்திலும் சாம்பல் அப்பியிருந்தது. ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தார்மோஜோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, என்ன பதில் சொல்வதென்று அவள் கூச்சத்தோடு யோசித்தாள்.

"ஏம்மா," என்றார் அவர், "திங்கட்கிழமைதான்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா சனிக்கிழமை கல்யாணத்த வீட்டுலயே கம்பீரமா முடிச்சிருப்பேனே?"

பூர்வந்தி அவரையே பார்த்தாள். திட்டுவதற்கு வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து முடித்தாள். பிறகு ஊர்ப் பெயர்ப்பட்டியலை வாங்கிக்கொண்டு, முதல் வகுப்பறையில் தொடங்கி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் குரல் கொடுத்தார்கள்.