மாடல் பார்த்த சுண்ணாம்பு

பொத்தேரி யுனிவர்சிட்டி லேபில் ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தும் காயத்ரிக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. திரையில் ஒரு கோடு ஏறி இறங்கி ஓடி, ஓரிடத்தில் மட்டும் உச்சிக்கு எழும்பி நின்றது.

அவளுடைய ஆராய்ச்சியே அந்தக் கோட்டுக்காகத்தான். ட்ரோனில் பொருத்திய ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா, நம் கண்ணுக்கு எட்டாத ஒளியையும் சேர்த்து, நிலத்தை நூற்றுக்கணக்கான நிறங்களாகப் பிரித்துப் படமெடுக்கும். அதை வைத்து, இது உப்பேறிய உவர் நிலம், இது விளையும் நிலம் என்று டீப் லேர்னிங் மாடல் சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி என்று, மாடலை உருவாக்கிய கைடு விஜயகுமாரி மேடம் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால் மாடல் வாயைத் திறக்காது. திறக்க வைப்பதுதான் காயத்ரியின் வேலை. எந்த நிறத்தை நம்பி முடிவெடுத்தது என்பதை அந்தக் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

இன்று காட்டியது. எழும்பி நின்ற இடம் உப்புக்கானதில்லை, சுண்ணாம்புக்கானது.

பக்கத்து நாற்காலியில் சாம் இருந்தான். படமெடுப்பதற்கு முன், மாடலுக்குச் சொல்லிக்கொடுக்க மாதிரி நிலங்களை அளந்து அடையாளம் போட்டவன் அவன்தான்.

“சாம், முட்டுக்காட்டுப் பக்கம் உவர் பிளாட்டுக்கெல்லாம் கொடிதானே நட்ட?”

“கொடியா? ஆடு துன்னுட்டுப் போச்சு. அதான் சுண்ணாம்புத் தூள்ல கோடு போட்டேன். எங்க சர்ச் கிரவுண்டுல ஃபுட்பாலுக்குப் போடுவோமே, அத்த மாதிரி. இன்னா, நேரா வந்துகீதா?”

“நெல்லு வயலுக்கு?”

“அதுக்குத்தான் வரப்பு கீதே. அதுக்கு இன்னாத்துக்கு சுண்ணாம்பு?”

பாவம், தன் கோடு நேராக வந்ததில் அவனுக்குப் பெருமை. காற்று அந்தத் தூளை உவர் நிலமெங்கும் இறைத்திருக்கிறது. நெல் வயலில் ஒரு சிட்டிகைகூட இல்லை. சுண்ணாம்பு இருந்தால் உவர் என்று மாடல் சுலபமாகப் படித்துக்கொண்டுவிட்டது. பரீட்சை வைத்ததும் சாம் கோடு போட்ட நிலங்களில்தான். தொண்ணூற்றெட்டு என்ன, நூறே வாங்கியிருக்கலாம்.

பதற்றத்தோடு பெரிய வரைபடத்தைத் திறந்து தன் ஊரைத் தேடினாள். உவர் என்று முடிவான இடமெல்லாம் சிவப்பு. அப்பா அருணகிரியின் வயலும் சிவப்பு. மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட வயல்! அறுப்பு முடிந்ததும் ஊர்க் கபடி மேட்ச் அங்கேதான் நடக்கும். பொங்கலுக்கு மறுநாள் பையன்கள் மூட்டை சுண்ணாம்பைக் கொட்டிக் கோடு போட்டிருந்தார்கள். அந்த வாரம்தான் ட்ரோன் பறந்தது.

சோலார் பார்க் போட வந்த கம்பெனிதான் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. சிவப்பாக இருப்பதை விளையாத நிலமென்று அடிமாட்டு விலைக்குப் பேசி முடிப்பார்கள். வரைபடம் நாளை அவர்கள் கைக்குப் போகிறது.

மேடத்திடம் ஓடி, அப்பா வயல் வரை எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் திரையில் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“தப்புதான். ஆனா எந்த வயல வெச்சு இதைக் கண்டுபுடிச்ச?”

“கோடுதான் மேடம் முதல்ல காட்டுச்சு. வயல அப்புறம்தான் பாத்தேன்.”

“அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கேக்குறவங்க நம்பணுமே.”

“மொத்தமா திரும்பப் படம் எடுக்கலாம் மேடம்.”

“பணத்துக்கு எங்க போறது? நாளைக்கு கம்பெனி கூட்டத்துல இந்தக் கோட்டைக் காட்டுற ஒரு ஸ்லைட மட்டும் வுட்டுடு காயத்ரி.”

அந்த ஒரு ஸ்லைடுதான் அவளுடைய நான்கு வருஷம். அதை எடுத்துவிட்டால் பட்டத்துக்குக் காட்ட ஒன்றுமில்லை. காட்டினால் மேடத்தின் மாடல் மானம் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. ஹாஸ்டலில் படுத்துக் கூரையைப் பார்த்து அழுதாள், பிறகு எரிச்சலோடு தூங்கிப்போனாள்.

மறுநாள் மாமல்லபுரத்து ஓட்டலில் கூட்டம். கண்ணாடிக்கு வெளியே கடல் இருந்தது, சத்தம்தான் உள்ளே வரவில்லை. காயத்ரி ஸ்லைடை எடுக்கவில்லை. போட்டுக் காட்டி, குரல் நடுங்காமல் சொன்னாள்: மாடல் பார்த்தது உப்பை அல்ல, சுண்ணாம்பை, இந்த வரைபடத்தை நம்பி நிலம் வாங்கக் கூடாது. சொன்னதும் மார்பிலிருந்து பாரம் இறங்கியது.

கம்பெனி அதிகாரி ராஜேந்திரன் கவனமாகக் கேட்டார். நல்ல மனிதராகவே தெரிந்தார்.

“மாதிரி நிலத்துல நீங்க போட்டது சரிம்மா. நாங்க வாங்கப் போற நிலத்துல சுண்ணாம்பு எங்கேந்து வந்துச்சு?”

“அறுப்பு முடிஞ்ச வயல்ல கபடி ஆடுவாங்க சார். அதுக்குப் போடுவாங்க.”

“எந்த வயல்ல ஆடுனாங்கன்னு படத்துல தெரியாதே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பொய் போதும். யாரோ சொன்னார்கள் என்றால் முடிந்தது. ஆனால் பட்டாவில் பேர் இருக்கிறது, நாளைக்கே தெரிந்துவிடும்.

“எங்கப்பா வயல் சார்.”

ராஜேந்திரன் பேனாவை மூடி, வரைபடத்தைத் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். “எம் பொண்ணா இருந்தாலும் அப்பாவுக்காக இதைத்தாம்மா சொல்லியிருப்பா. தப்பில்ல, உக்காருங்க” என்றார்.

கூட்டமே அன்பாகச் சிரித்தது. திட்டியிருந்தால்கூட நின்று சண்டை போட்டிருப்பாள். காயத்ரி உட்கார்ந்தாள்.