ஆறு மணிக்குள் வாங்கிக்கொள்ள வேண்டியவை

கிண்டியில் இருக்கும் அந்த ஆலோசனை நிறுவனத்தில், நேர்காணல் நடத்தப் போகிறவர்கள் காலை ஒன்பதரைக்குள் தங்கள் பாரபட்சங்களை மூன்றாவது மாடி கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் உள்ள மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் எப்படி நடக்க வேண்டும் என்று யோசனை சொல்லிப் பிழைக்கிற கம்பெனி அது. தன் வீட்டு நடப்பு ஒழுங்காக இருக்க வேண்டாமா?

கவுண்டரில் குமுதவல்லி பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். எதை எப்படி வைக்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. சின்னச் சின்ன வெறுப்புகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவிடலாம். படித்த கல்லூரி மேல் உள்ள பற்று ஈரம் கசியும், அடியில் பழைய பேப்பர் விரிக்க வேண்டும். ஊர்ப்பாசம் எந்த டப்பாவிலும் அடங்காது. அதை மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவாள். சிலர் காலையில் வீட்டில் போட்ட சண்டையைக் கொண்டுவந்து வைப்பார்கள். சாயங்காலத்துக்குள் அது பாதியாகச் சுருங்கிப் போயிருக்கும். அளவு குறைகிறதே என்று இதுவரை ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை.

கவுண்டருக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, மாலை ஆறு மணிக்குள் வாங்காததை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். போன வருஷம் யாரோ வாங்காமல் போன மல்லிகைப்பூ வெறுப்பை வாட்ச்மேன் கந்தப்பன் வாங்கிப் போனார். அவர் மனைவி இப்போது கனகாம்பரம்தான் வைத்துக்கொள்கிறாள். இரண்டாவது விதி, டோக்கனை மறந்துவிட்டுப் போகிறவரைக் கவுண்டரில் இருப்பவர் கூப்பிட்டு நினைவுபடுத்தக் கூடாது. நினைவுபடுத்துவதும் ஒரு வகைச் சிபாரிசுதானே. இரண்டு விதியையும் குமுதவல்லி ஒரு நாளும் மீறியதில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்றைக்குக் கடைசிச் சுற்று. ஐந்து பேர் வந்திருந்தார்கள். பத்துக்கு எட்டு மார்க் வாங்குகிறவர்களுக்குத்தான் வேலை. கடைசிச் சுற்றில் எல்லோரையும் ஒருவரேதான் கேள்வி கேட்க வேண்டும். ஆளுக்கொருவர் கேட்டால் ஒருவர் கை தாராளமாக இருக்கும், இன்னொருவர் கை இறுக்கமாக இருக்கும். அந்த ஒருவர் யார் என்பதைக் குமுதவல்லி சீட்டுக் குலுக்கி எடுப்பாள். அவள் எடுத்த சீட்டில் ஞானதுரை என்று இருந்தது.

நாசரேத் பக்கத்துக்காரர், ஐம்பத்து மூன்று வயது. அவர் கையால் தேறியவர்கள் யாரும் வேலையில் திண்டாடியதில்லை. தேறாதவர்கள் யாரும் அவரைத் திட்டியதில்லை. அப்படிப்பட்ட மனுஷர். ஆனால் வந்திருந்த ஐந்து பேரில் ஐந்தாவது பெயர் ஹெப்சிபா ஞானதுரை. ஒரே மகள். இரண்டு பேரும் காலையில் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார்கள்.

சீட்டை மறுபடி குலுக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு தடவை மறுபடி குலுக்கினால் அப்புறம் எதற்குச் சீட்டு? ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப இதையும் சேர்த்து வச்சிருங்கம்மா" என்றார்.

வைப்பதற்கு முன்னால் ஒரு தரம் மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, சாப்பிட்டியா?"

"ஆச்சுப்பா. நாலு இட்லி."

தலையை ஆட்டிவிட்டுத் தன் தகப்பன்தனத்தை எடுத்தார். வருவதற்கு நேரம் பிடித்தது, இருபத்து மூன்று வருஷம் ஊறினது அல்லவா. டப்பா போதவில்லை என்று குமுதவல்லி அலமாரியிலிருந்து ஒரு தூக்குவாளியை இறக்கினாள். அது நிரம்பி மூடி சரியாக உட்கார்ந்தது. ஆனால் சுட்டது, முந்தானையால் பிடித்துத்தான் தராசில் வைக்க முடிந்தது. மூன்று கிலோ இருநூறு. சீட்டு எழுதிப் பசை தடவி ஒட்டி, டோக்கனைக் கொடுத்தாள்.

ஞானதுரை டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"நீங்க அஞ்சாவது ஆளா? உட்காருங்கம்மா, கூப்பிடுவாங்க."

எத்தனையோ பேர் எத்தனையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அடியில் கொஞ்சம் ஒளித்துக்கொள்ளாத ஆளைக் குமுதவல்லி பார்த்ததில்லை. இந்த மனுஷர் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது அவளுக்கு.

அவர் உள்ளே போனதும் ஹெப்சிபா கவுண்டருக்கு வந்தாள்.

"அக்கா, எனக்கும் ஒரு டோக்கன் வேணும்."

"கேண்டிடேட்டுக்கு இதெல்லாம் கிடையாதும்மா. கேள்வி கேக்கறவங்களுக்குத்தான்."

"அவர் மூக்கைச் சொறிஞ்சா பதில் தப்புன்னு அர்த்தம். பேனாவை மூடி வச்சா இன்னும் கொஞ்சம் சொல்லுன்னு அர்த்தம். எனக்கு அது தெரியும், மத்த நாலு பேருக்குத் தெரியாது. நியாயமா அது?"

குமுதவல்லி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். கேண்டிடேட் கொடுத்தால் வாங்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அப்பனுக்கு மகள் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தூக்குவாளியை இறக்கினாள். ஹெப்சிபாவின் மகள்தனமும் விளிம்பு வரை வந்தது, அதுவும் சுட்டது. தராசில் வைத்தால் மூன்று கிலோ இருநூறு. இரண்டு வாளியையும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஹெப்சிபா பேனாவை வாங்கி, 'டோக்கன்' என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

ஐந்து பேருக்கும் ஒரே கேள்விதான். சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை குடைகளை ஜனங்கள் மறந்து வைக்கிறார்கள்? ஹெப்சிபா மழைக்காலத்தையும் வெயில் காலத்தையும் தனித்தனியாகப் பிரித்தாள். பஸ், டீக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று ஒன்று விடாமல் எண்ணினாள். ஞானதுரை நடுவில் மூக்கைச் சொறிந்தார், அவள் பாட்டுக்கு மேலே சொல்லிக்கொண்டு போனாள்.

நாலு மணிக்கு மார்க் தாள்கள் கவுண்டருக்கு வந்தன. முதல் நால்வரில் ஒருவருக்கு எட்டே கால், மற்றவர்களுக்கு ஏழுக்குள். குமுதவல்லி ஐந்தாவது தாளை எடுத்தாள். ஏழரை. கீழே ஞானதுரையின் மணியான கையெழுத்து: 'மறந்து வைத்த குடையைத் திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறவர்களை இவர் கழிக்கவில்லை. அரை மார்க் குறைக்கிறேன். மற்றபடி அருமையான பெண். பெற்றவர் யாரோ, கொடுத்து வைத்தவர்.'

அதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

ஐந்தே முக்காலுக்கு ஞானதுரை வந்தார். மற்ற டோக்கன்களைக் கொடுத்து, தன் நாசரேத்துப் பையையும் சென்ட் வாசனை பிடிக்காத டப்பாவையும் வாங்கிக்கொண்டார். ஒரு டோக்கன் சட்டைப் பையிலேயே இருந்தது. அது எதற்கென்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிவதற்கான சாமானே உள்ளே வாளியில் அல்லவா இருக்கிறது. "வரேம்மா" என்று கிளம்பினார்.

குமுதவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறாக எட்டு நிமிஷம். மாடிப்படிப் பக்கம் கந்தப்பன், இன்றைக்கு ஏதாவது மிஞ்சுமா என்று பார்க்க வந்து நின்றார். அவருக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். குமுதவல்லிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பத்தொன்பது வருஷம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது ஹெப்சிபா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே படியேறி வந்தாள். ஞானதுரை அவளைக் கண்டு நின்றார்.

"நல்லாத்தாம்மா செஞ்சீங்க. அரை மார்க்குல போச்சு."

"பரவாயில்ல சார். குடை விஷயத்துல நான்தான் கோட்டை விட்டுட்டேன்."

"வீட்டுல போய்ச் சொல்ல ஆள் இருக்காங்களா? தனியா இருந்து மனசு வருத்தப்படக் கூடாது."

"இருக்காங்கன்னுதான் நினைக்கிறேன் சார்" என்றாள் அவள்.

அவருக்கு என்னவோ மூக்குக்கண்ணாடி மங்கியது. துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். கூடவே டோக்கன் வெளியே விழுந்து, உருண்டு, கவுண்டர் காலில் முட்டிப் படுத்தது. கவுண்டரில் வந்து சேர்ந்த டோக்கன் கொடுத்த டோக்கன்தான். குமுதவல்லி அடித்துப் பிடித்து அதைக் குனிந்து எடுத்தாள், ஹெப்சிபாவும் தன்னுடையதை நீட்டினாள்.

அலமாரியைத் திறந்தால் இரண்டு வாளிகளும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றுகொண்டிருந்தன. சூட்டில் பசை இளகிச் சீட்டுகள் இரண்டும் கீழே கிடந்தன. ஒரே கடையில் வாங்கிய வாளிகள், ஒரே எடை. எது யாருடையது? ஆறாக மூன்று நிமிஷம். கந்தப்பன் ஒரு படி மேலே வந்தார். குமுதவல்லி கைக்கு வந்ததை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, பேரேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டாள்.

ஞானதுரை மூடியைத் திறந்தார். பிறகு நிமிர்ந்து ஹெப்சிபாவைப் பார்த்தார், கீழுதடு நடுங்கியது.

"அப்பா, நான் அரை மார்க் குறைச்சிட்டேம்ப்பா" என்றார் ஞானதுரை.

ஹெப்சிபா வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவர் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டாள்.

"நீ சரியாத்தானட்டி போட்டிருக்க. யாரு கேட்டாலும் நான் சொல்லுவேன், எம்புள்ள சரியாத்தான் போட்டிருக்குன்னு. எதுக்கு அழுவுத?"

"கோவமில்லையாப்பா?"

"கோவமென்ன கோவம். ஏட்டி, சாப்பிட்டியா?"

"இல்லப்பா. மத்தியானமே இறங்கல."

"வா, போற வழியில பரோட்டா வாங்கித் தாறேன்."

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். குமுதவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சிக்னலில் பஸ் வந்தபோது ஹெப்சிபா அவரை உள்பக்கமாக நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டாள், அவர் சமர்த்தாக நின்றார். கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கம் கவுண்டருக்குக் கிடையாது. குமுதவல்லி அலமாரியைப் பூட்டினாள். கந்தப்பன் வெறுங்கையோடு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை ஒன்பதுக்கே ஹெப்சிபா ஞானதுரையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்குத் தலை படிய வாரியிருந்தது. கையில் டிபன் பாக்ஸும் ஒரு குடையும் இருந்தன.

"குடையை மறந்துட்டு வராத" என்று அவரிடம் சொன்னாள். பிறகு கவுண்டர் பக்கம் திரும்பினாள். "சாயங்காலம் எத்தனை மணிக்குக்கா விடுவீங்க?"

"ஆறு மணிக்கு" என்றாள் குமுதவல்லி.

"அஞ்சே முக்காலுக்கே வந்து நிக்கேன்" என்றாள் ஹெப்சிபா. குமுதவல்லி பேரேட்டில் பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கட்டம் போட்டு, அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.