ஒளிர்ந்த பூஜ்யம்

மூன்று நாளாக என் பூஜ்யம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒளிரவே கூடாது, அதனால்தான் அதற்குப் பூஜ்யம் என்று பெயர்.

எங்கள் ஆய்வகத்தில் செல் வளர்க்கிறோம். அந்தச் செல்லுக்குள் ஏற்பி என்றொரு புரதம் காத்திருக்கும். ஸ்டீராய்டு ஹார்மோன் வந்து ஒட்டினால் ஏற்பி விழித்துக்கொண்டு சேதி அனுப்பும். உடனே, நாங்கள் உள்ளே வைத்திருக்கும் மின்மினிப் பூச்சியின் மரபணு வேலை செய்து வெளிச்சம் வரும். ஹார்மோன் கூடக்கூட வெளிச்சமும் கூடும், கருவி அதை எண்ணிச் சொல்லும். செல் வளரும் தட்டில் ஹார்மோனே போடாத குழிகள்தான் பூஜ்யம். அவை இருட்டாக இருந்தால்தான் மற்ற எண்களை நம்பலாம்.

"பூஜ்யம் எங்கே?" என்பதைத் தவிர வேறு காலை வணக்கம் அறியாத எங்கள் தலைவியை, அவர் காதுபடாமல், பூஜ்யம் மேடம் என்போம். வெள்ளிக்கிழமையும் பூஜ்யம் ஒளிர்ந்தால் ஹார்மோன் மேசை என் நாத்தனாருக்கு, எனக்குக் கண்ணாடி கழுவும் அறை என்று சொல்லிவிட்டார். ஏழு வருடமாக நான் உட்காரும் மேசை!

நாத்தனார் என்பது என் கணவரின் தங்கை, வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். நான் சொல்லித்தான் இந்த வேலையே அவளுக்குக் கிடைத்தது. வளர்ப்புத் திரவம் கலக்குவதும் கண்ணாடி கழுவுவதும் அவள் பொறுப்பு. வியாழக்கிழமை நேராக அவளிடம் போய்ப் பாய்ந்தேன்.

"நீ கலக்கின திரவத்துலதான் என்னமோ இருக்குடி."

"அதே திரவத்துல நான் போட்ட தட்டு கும்மிருட்டா இருக்கே அண்ணி?"

"அப்போ என் கைதான் காரணமா? அப்படின்னு நீ காட்டிட்டா, ஒரு மாசம் உன் கண்ணாடியெல்லாம் நானே கழுவுறேன், போ!"

ஆய்வகமே கேட்டது. என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

வாலு ஒரே தட்டின் நடுவே கோடு கிழித்தாள். இடது பாதி எனக்கு, வலது பாதி அவளுக்கு. செல்லும் திரவமும் துளி அளந்து விடும் பிப்பெட்டும் இருவருக்கும் ஒன்றுதான். மறுநாள் காலை கருவி எண்களைத் துப்பியது. அவள் பக்கம் நூற்றுப்பத்து, நூற்றுப்பதினைந்து. என் பக்கம் ஒன்பதாயிரம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"கையில என்னம்மா தடவுற?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்ல மேடம். கையுறை போட்டுத்தானே செய்யறேன்."

"அண்ணி ஒரு கையில உறை மாட்டினதும் இன்னொரு வெறுங்கையால விரல் விரலா நீவி விடுவாங்க" என்று போட்டுக்கொடுத்தாள் வாலு. "அப்புறம் பிப்பெட் முனையை ஒவ்வொண்ணா பிடிச்சுத் திருகுவாங்க."

உண்மைதான். நானே திருகினால்தான் எனக்கு நிம்மதி. அப்போதுதான் பொறி தட்டியது. திங்கள் முதல் தினமும் காலையில் கணவரின் முதுகு அரிப்புக்குக் களிம்பு தடவிவிட்டு வருகிறேன். சோப்புப் போட்டாலும் மோதிரத்தின் அடியில் பிசுபிசுக்கும்.

"ஆனா அது வெறும் இலைச்சாறு மேடம். ஸ்டீராய்டு துளிகூட இல்லைன்னு டப்பாவுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இலைச்சாறு எப்படி இந்த ஏற்பியை எழுப்பும்?"

மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார். "சாதாரணமா எழுப்பாது. டப்பாவைக் கொண்டுவரச் சொல்லு."

கணவரே கொண்டுவந்தார், பெருமையாக. "மூணே நாள்ல அரிப்பு மாயமாப் போச்சுங்க மேடம். எல்லாம் இலையோட மகிமை!"

என்னைக் கிட்டே விடாமல் வாலுவே கொஞ்சம் களிம்பை வழித்துக்கொண்டு டப்பாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்; வழித்ததைக் கரைத்துச் சில குழிகளில் போட்டாள். பக்கத்துக் குழிகளில் களிம்போடு, அந்த ஏற்பியை அடைக்கும் மருந்தையும் சேர்த்தாள். சனிக்கிழமை மூவரும் கருவிமுன் தலையோடு தலை முட்டிக்கொண்டோம். களிம்புக் குழிகளில் ஒரு லட்சத்துக்கு மேல்! ஏற்பியை அடைத்த குழிகள் கப்சிப். எங்கள் பூஜ்யம் பரிசுத்தமான இருட்டு.

"இலையாம் இலை! உள்ளே இருக்கறது ஸ்டீராய்டு!" என்று மேடம் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஏழு வருடத்தில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன். வாலு என் இடுப்பைப் பிடித்துச் சுற்றினாள். தலை கிறுகிறுக்க நானும் சுற்றினேன்.

"கடையில இருக்கற இலைக் களிம்பு எல்லாத்தையும் வாங்கிட்டு வா. இந்த வேலை உன்னுது, மேசையும் உன்னுது" என்றார் மேடம். "ஆனா இனிமே முனையைத் தொட்ட, உன் கழுத்தைத் திருகிடுவேன்."

கணவருக்குப் போன் போட்டு, கத்திக் கத்திச் சொன்னேன்.

"என்னங்க, இருக்கீங்களா?"

"நம்ம பாப்பா கழுத்து சிவந்திருக்குல்ல" என்றார் மெதுவாக. "அவளுக்கும் தடவலாம்னு இப்பதான் டப்பாவைத் திறந்தேன்."

"தடவிட்டீங்களா?"

"இல்ல. இல்லம்மா. மூடிட்டேன்."

"ரெண்டு பேரும் கிளம்பி இருங்க. வந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு ஓடியவளை, கழுவும் அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தாள் வாலு.

"இன்னைக்கு விட்டுடறேன் அண்ணி. திங்கக்கிழமையிலேர்ந்து ஒரு மாசம்."

அந்த ஒரு மாதமும் பாட்டுப் பாடிக்கொண்டே கழுவினேன்.