படுக்கையருகே பாடம்

மனைவி ஒரு தலையணையை அவர் வயிற்றோடு சேர்த்துவைத்தாள். அதை அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்தால்தான் வலி கொஞ்சம் அடங்கியது. மூத்த நர்ஸ், புதிதாகச் சேர்ந்த நான்கு பெண்களோடு வந்து நின்றாள்.

"சார், உங்களை வச்சு இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கலாமா?"

"தாராளமா. நானும் வாத்தியார்தான்," என்றார். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். "முதல் நாள் எல்லாரும் ஸ்டியரிங்க கழுத்த நெரிக்கிற மாதிரிதான் பிடிப்பாங்க. பயப்படாதீங்கம்மா." அதைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது.

"இவர் ஏன் குனிஞ்சே உட்கார்ந்திருக்காரு?" என்று மூத்த நர்ஸ் பெண்களைக் கேட்டாள்.

"கணையம் வீங்கியிருக்கு சிஸ்டர். மல்லாந்து படுத்தா வலி கூடும்," என்றாள் குட்டையான பெண்.

"எதனால வரும்?"

"குடிக்கிறவங்களுக்கு..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சும்மா சொல்லும்மா. என் மச்சினனும் அப்படித்தான் ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறான்."

"இவருக்குப் பித்தப்பைக் கல்லு," என்றாள் மூத்த நர்ஸ். "வலி எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிடக் கூடாது. மூச்சை எண்ணணும். சிறுநீர்ப் பையைப் பாக்கணும். இவ்வளவு குளுக்கோஸ் ஏத்தியும் பையில இறங்கலன்னா கிட்னி கைவிடுதுன்னு அர்த்தம். அப்புறம்..."

மனைவி கட்டிலில் தொங்கிய பையைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம், கறுத்த தேநீர் நிறத்தில். காலையிலும் அவ்வளவுதான் இருந்தது. மூத்த நர்ஸும் பார்த்தாள். பாடம் பாதியில் நின்றது.

"டாக்டரைக் கூப்பிடு. ஓடு."

"அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்களா?" என்றார் அவர்.

குட்டையான பெண் அதற்குள் வாசலைத் தாண்டி ஓடியிருந்தாள்.

அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மறுநாள் மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, தன்னால் முடிந்ததைச் செய்ததாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள் டிரைவிங் ஸ்கூல் வாசலில் காத்திருப்பார்களே, யாராவது சொல்லியிருப்பார்களா என்றுதான் முதலில் தோன்றியது.

உள்ளே போனபோது குட்டையான பெண் தனியாகக் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையில் ஊசியை ஒட்டியிருந்த பிளாஸ்டர் மட்டும் பாக்கி. அவர் கையில் முடி அடர்த்தி. ஓரத்தை நகத்தால் நெம்பிக் குனிந்தாள்.

"சார், கொஞ்சம் வலிக்கும்," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. விரல்கள் அப்படியே நின்றன.

"பரவால்ல, எடும்மா," என்று மனைவி அவர் கையை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் பிளாஸ்டரை மெல்ல, முடி போகிற பக்கமாகவே உரித்தாள்.