வயிறு கழுவும் நாள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தம்பிக்கு, யாராவது பிரேக் போட மறந்தால் பொறுக்காது. தன் உடம்பு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவான். அக்காவுக்கு அதில்தான் ஆத்திரம்.

அப்பாவின் உதட்டில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. அவர் விட்டுப்போன ஒரே சொத்தாக இரண்டு பிள்ளைகளுக்கும் அவை வந்தன. அபூர்வமான பரம்பரைக் கோளாறு, குடலில் கட்டி முளைக்கும், கவனிக்காவிட்டால் புற்றுநோயாகலாம் என்று டாக்டர் சொன்னது, அப்பா குடல் புற்றுநோயில் போன பிறகுதான். அன்றிலிருந்து, அழகு நிலையம் நடத்தும் அக்கா தவறாமல் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துக்கொள்கிறாள். இதுவரை வந்த கட்டிகளை முளையிலேயே கிள்ளி எறிந்தாயிற்று.

தம்பிக்கு வளர வளர உதட்டுப் புள்ளிகள் மங்கிவிட்டன. “எனக்குத்தான் எல்லாம் போயிடுச்சே” என்று நழுவிக்கொண்டே இருந்தான். போன வாரம் அக்கா அவனைத் தன் கடைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துக் காட்டினாள். கன்னத்தின் உட்புறம் கடுகு சிதறியதுபோல் புள்ளிகள். அந்தச் சூட்டோடு இருவருக்கும் ஒரே நாளில் பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

பரிசோதனைக்கு முந்தின நாள் மாலை, குடலைச் சுத்தமாக்க அக்கா வீட்டில் ஆளுக்கொரு ஜாடி பேதி மருந்து. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, முகம் கழுவி வருவதற்குள் தம்பியின் ஜாடி காலி. பிறகு அவள் கழிப்பறைக்கு ஓட்டமும் நடையுமாக அலைந்தாள். அவனோ சோபாவில் சாய்ந்து டிவி பார்த்தான்.

“எங்கடா ஊத்தின?”

“குடிச்சேன்க்கா.”

“குடிச்சவன் இப்படிக் கால்மேல கால் போட்டு உக்கார மாட்டான்.”

தம்பி டிவியை அணைத்தான். “சிங்க்லதான் ஊத்தினேன். எனக்கு அப்பா போன வயசு வந்துடுச்சுக்கா. உள்ள ஏதாவது இருந்துட்டா?”

திட்ட வாயெடுத்த அக்கா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பயம் அவளுக்கும்தான். “இருந்தா எடுத்துடுவாங்க. எனக்கு எடுக்கலையா? அப்பாவுக்கு இதைச் சொல்ல ஆளில்லடா. நீயும் போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?”

இவன் குணம் தெரிந்து கூடுதலாக வாங்கிவைத்திருந்த மருந்தைக் கலக்கிக் கொடுத்தாள். அவள் கண்ணெதிரே, மடக்குக்கு மடக்கு டாக்டரைச் சபித்தபடி, குடித்து முடித்தான்.

அந்த வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். அக்கா மறுபடி உள்ளே போய்த் தாழ்போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. கதவு உடையாத குறையாக இடிபட்டது.

“அக்கா, சீக்கிரம் வாயேன். உன்னைக் கும்பிடுறேன்.”

“இருடா, வரேன்” என்றவள், கண்ணில் நீர் முட்ட முட்டச் சிரித்தாள்.